அணைத்து வைத்த எச்சரிக்கை

அத்தியாயம் 7

"எஸ்டேட்ல மூணு மெமோ வாங்குனவன் மறுநாளு காலைல பேர் குடுக்க மஸ்டருக்கு நிக்க மாட்டான் சார். ஆபீஸ் வச்சாலும் எனக்கு அதே சட்டந்தான்" என்றார் பெரியமுத்து.

இருபத்திரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, ஆனைக்கரையில் மலைச்சாரல் கண்ட்ரோல்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்தவர் அவர். கம்ப்யூட்டர் வந்தது, இன்வெர்ட்டர் வந்தது, கண்ணாடிக் கதவும் வந்தது. தோட்டத்து வழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. வாசலில் வந்தவர் போனவர் பெயரெழுத ஒரு கேட் புத்தகம் இருந்தது. உள்ளே சுவரில் ஒரு பலகை. அதில் வேலை செய்யும் ஆறு பேருடைய பெயரும், பெயருக்கு நேரே மாதத்துக்கு ஒரு எண்ணும் எழுதியிருந்தார்கள்.

காளிச்சாமி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தன் பழைய ஆம்னி வேனை மலையேற்றிக் கொண்டுவந்து இரண்டு நாளாகிவிட்டது. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைப் பார்த்தவர். எரிந்த குடோனுக்குள் நுழைந்தால் தீ எந்த மூலையில் தொடங்கியது, பொய் எந்த மூலையில் தொடங்கியது என்று இரண்டையும் சொல்லிவிடுவார். ஆனால் இந்த வழக்கில் தடயம் சாம்பலில் இல்லை, கம்ப்யூட்டரில் இருந்தது. அந்த விஷயத்தில் அவர் அரிச்சுவடி.

அதற்காகத்தான் மௌனிகா. சித்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மூன்று வருஷமாக அவரிடம் உதவியாளராக இருக்கிறாள். இவளுக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் என்னவெல்லாம் எதிர்பார்த்தார்களோ என்று அவர் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

வழக்கு இதுதான். ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தை இந்தப் பக்கம் ஸ்டோர் என்பார்கள். போன மாதம் ஒரு ஸ்டோரில் சூடு எல்லை மீறிப் போய்த் தீப்பிடித்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த செபாஸ்டின் இறந்துபோனார். சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி இந்தக் கம்பெனியின் தயாரிப்பு. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைத் தயாரிக்கும்போது வரவேண்டிய ஒரு எச்சரிக்கையை யாரோ ஒரு வரி எழுதி அணைத்து வைத்திருந்தார்கள். அந்த வரி இங்கே வேலை செய்யும் எப்சிபா என்ற பெண்ணின் பெயரில் பதிவாகியிருந்தது. நாளைக் காலை பதினொன்றுக்கு அவளுடைய முன்ஜாமீன் மனு. கிடைக்காவிட்டால் கைது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. எப்சிபாவைக் காப்பாற்றச் சொல்லிக் காளிச்சாமியைக் கூப்பிட்டது செபாஸ்டினின் சொந்த மகள் சிஞ்சு. அவளும் இதே ஆபீஸில்தான் வேலை. "அக்கா செஞ்சிருக்க மாட்டாக சார். அவுக பேர்ல வேற யாரோ செஞ்சிருக்காக. யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்று போனில் அழுதாள். செத்தவரின் மகளே குற்றம் சாட்டப்பட்டவளுக்காக அழுத வழக்கு அவருக்கு இதுதான் முதல். அதனால்தான் வந்தார்.

"இந்த பில்ட் டூல்ங்கறத மறுக்கா ஒருக்கா சொல்லு புள்ள" என்றார் காளிச்சாமி.

"கல்யாணச் சமையலுங்க சார். ஆறு பேரு ஆறு எடத்துல நறுக்கிக் குடுக்கறத ஒரே ஆளு அண்டாவுல போட்டு எறக்கறான். எறக்கறப்ப மொனகிட்டே இருப்பான். இந்த வெங்காயம் அழுகலாட்ட இருக்குது, இந்தப் பருப்புல கல்லு கெடக்குதுன்னு. அந்த மொனகல்தான் வார்னிங். ஆனா சமையல நிறுத்த மாட்டான். சொல்லிப்போட்டு எறக்கி வெச்சுருவான்."

"அவன் வாய மூட முடியுமா?"

"ஒரே வார்த்தைல மொத்தமா மூடலாமுங்க. இல்லீன்னா வெங்காயத்தப் பத்தி மட்டும் பேசாதேன்னும் சொல்லலாம். எங்க அம்மாவுக்கு இந்த வசதி தெரிஞ்சா என்னை வெச்சுச் சோதிச்சுப் பாத்துருவாங்க."

பெரியமுத்து சிரிக்கவில்லை. "பதினஞ்சாந் தேதிக்குப் பதினஞ்சாந் தேதி பில்ட் ஓட்டிப் பாப்பேன். யார் ஃபைல்ல வார்னிங் வருதோ அவன் பேருக்கு நேரா நம்பர் போடுவேன். ஒண்ணு வந்தாலும் மெமோ. மூணாவது மெமோ வந்தா வீடு. கண்டிப்பு இல்லாம வேலை நடக்குமா சார்?"

"நல்லா நடந்துருக்குதுங்க" என்றாள் மௌனிகா. "செப்டம்பர்ல இருந்து பலகை பூரா பூஜ்யம். பெட்டிய வாங்க வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு எத்தனை அழகு. எப்சிபாக்கா கம்ப்யூட்டரு எப்பவும் தொறந்தேதான் கெடக்குமாமா. நீங்களே ஒருக்கா உக்காந்து அந்த வரிய எழுதியிருக்கலாமுல்லீங்க?"

பெரியமுத்துவின் முகம் சிவந்தது. "ஏம்மா, எனக்கு அந்த மவுஸைத் தொட்டா கை நடுங்கும். பில்ட் ஓட்டுறதுக்கே ஆள் கூப்பிட்டு பட்டனை அமுக்கச் சொல்லுவேன்."

மௌனிகா விடுகிறதாக இல்லை. இரண்டு நாளாக அவள் கட்டி வைத்திருந்த சந்தேகம் முழுக்க பெரியமுத்துவின் மேல்தான். காளிச்சாமி கையைக் காட்டி அவளை அடக்கினார். "அந்த வரிய எனக்குக் காட்டு."

அவள் திரையில் காட்டினாள். பதிவான நாள் செப்டம்பர் பதினான்கு. நேரம் காலை பதினொன்று நாற்பது. வரிக்கு மேலே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு இருந்தது: அடுத்த சனி எடுக்கணும்.

"இது மொத்தமா வாய மூடறதா, வெங்காயமா?"

மௌனிகா பதில் சொல்ல வந்தவள் நிறுத்தினாள். "வெங்காயமுங்க. ஒரே ஒரு வகை வார்னிங்க மட்டும் அணைச்சிருக்குது. மத்ததெல்லாம் தொறந்துதான் இருக்குது."

"அப்ப இவரு இல்ல. பூஜ்யம் வேணும்ங்கறவன் ஒரே வார்த்தைல மொத்தத்தையும் மூடிட்டுப் போயிருப்பான். இது எந்த வாசல்ல எந்தத் தாழ்ப்பாளுன்னு தெரிஞ்ச கை." அவர் பலகையின் பக்கம் திரும்பினார். "எப்சிபா பேருக்கு நேராப் பாரு. ஜனவரில இருந்து பூஜ்யம். மொனகலே வராதவ எதுக்குச் சமையக்காரன் வாயக் கட்டோணும்?"

மௌனிகா பலகையில் விரலை ஓட்டினாள். ஆறு பெயரில் ஐந்துக்கு நேரே வருஷம் முழுக்கப் பூஜ்யம். ஒரே ஒரு பெயருக்கு நேரே ஜூலையில் நான்கு, ஆகஸ்டில் இரண்டு, செப்டம்பரில் பூஜ்யம். அந்தப் பெயரைப் படித்துவிட்டு அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

சிஞ்சு.

காளிச்சாமி வந்த வேலையை இங்கேயே நிறுத்திவிட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்கப்போகிறவளின் முகம் நினைவுக்கு வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மெமோ போயிருக்குமுங்களா?" என்று பெரியமுத்துவைக் கேட்டார்.

"போச்சு. ரெண்டாவதுக்கு வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்புவேன். எஸ்டேட்ல அப்படித்தான். வீட்டாளுக்குத் தெரிஞ்சாத்தான் பயம் வரும்." பெரியமுத்து ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். ஆகஸ்ட் பதினெட்டு. வாங்கிக்கொண்டதற்குக் கையொப்பம் போட்டிருந்தது மகள் இல்லை, செபாஸ்டின்.

காளிச்சாமி எழுந்து வாசலுக்குப் போய் கேட் புத்தகத்தைப் புரட்டினார். செப்டம்பர் பதினான்கு. காலை பதினொன்று இருபது. கோணல் எழுத்தில் ஒரு பெயர். மௌனிகா அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"செபாஸ்டின். பார்க்க வந்தது... எப்சிபா." அவள் நிமிர்ந்தாள். "பெத்த பொண்ணு வேலை செய்யற ஆபீசுக்கு வந்து இன்னொருத்திய எதுக்குங்க சார் பாத்தாரு?"

"அன்னிக்குச் சிஞ்சு லீவு" என்றார் பெரியமுத்து, வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு.

காளிச்சாமி வேன் சாவியை எடுத்தார்.

*

எப்சிபாவின் வீடு சூரியநெல்லியில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். இரண்டு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆம்னியின் ஒற்றை வைப்பர் தன் பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தது. மௌனிகா மடியில் லேப்டாப்பைத் திறந்து, பெரியமுத்து கொடுத்த காப்பியிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு பில்டை ஓட்டினாள்.

"எத்தனை நேரமாகும்?"

"இருவது நிமிஷமுங்க. நம்ம வேனாட்டத்தான், ஏத்தத்துல மொனகும்."

பூப்பாறை தாண்டுவதற்குள் அது முடிந்தது. அவள் திரையைப் பார்த்தாள். வழக்கமாக ஒரு கிண்டல் வரும் இடம். வரவில்லை.

"சொல்லு."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சார். சிஞ்சு எழுதின ஃபைல்ல." திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தொடர்ந்தாள். "சூட்டக் கால் டிகிரி கால் டிகிரியா எண்ணுதுங்க. எண்ணி வெக்கறதுக்கு எடுத்த எடத்துல இருநூத்தம்பத்தஞ்சு வரைக்குந்தான் கொள்ளும். அடுத்தது மறுக்காப் பூஜ்யம். அறுபத்துநாலு டிகிரியத் தொட்டா பெட்டி பூஜ்யம்னு நெனச்சுக்கும். குளுந்து போச்சுன்னு இன்னும் காத்தடிச்சு நெருப்ப ஏத்தும். சாதாரணமா அம்பது, அம்பத்தஞ்சுலயே ஏலக்கா ஒணந்துரும். அதனால யாருக்கும் தெரியல. டூல் மட்டும் சொல்லியிருக்குது, இந்த எடம் பத்தாதுன்னு. அந்த மொனகலத்தான் மூடி வெச்சிருக்காங்க."

காளிச்சாமி வேனை ஓரங்கட்டினார். பின்னால் வந்த ஜீப்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். மகள் செய்த தப்பு, தகப்பனைக் கொன்றிருக்கிறது. அந்த மகள்தான் தன்னைக் கூப்பிட்டு, யாரென்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே கெட்ட செய்தி சொன்னவர் அவர். இதை எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை.

"அவளுக்குத் தெரியாதுங்களா சார்? அவ எழுதுனதுதானே?"

"தெரிஞ்சா என்னையக் கூப்புட்டிருப்பாளா?" என்று வேனை எடுத்தார்.

*

லயத்தின் கடைசி வீடு. வாசற்படியில் சிஞ்சு உட்கார்ந்திருந்தாள். தாயும் இல்லாத பெண். தகப்பன் போன நாளிலிருந்து எப்சிபா வீட்டில்தான் இருக்கிறாள். யார் மீது ஊரே பழி சொல்கிறதோ அவள் கையால்தான் இவள் சாப்பிடுகிறாள். காளிச்சாமியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சிருச்சா சார்?"

"எப்சிபாவ ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்தர்றனம்மா" என்று அவள் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போனார்.

எப்சிபாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கபிரியேல் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். நாளைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலையை மடித்து நாற்காலியில் வைத்திருந்தாள். காளிச்சாமி சுற்றி வளைக்கவில்லை. கேட் புத்தகத்துப் படத்தைக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெமோவக் கையில வச்சுக்கிட்டு வந்தாரு. மகளுக்கே காட்டலையாம், நாலு வாரமாச் சட்டைப் பையிலயே வச்சிருந்திருக்காரு. நாளைக்கி எண்ணிப்புட்டா மூணாவதும் வந்துரும்னு சொன்னாரு. நான் இருபத்தஞ்சு வருஷம் புகையில நின்னாச்சு எப்சிபா, எம்பிள்ளை நாற்காலில உக்காந்து வேலை பாக்குது, அது போயிரக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு சார். அவரு கும்பிட்டு நான் பாத்ததில்ல. சர்ச்சுல கூடக் கையக் கட்டித்தான் நிப்பாரு."

"நீங்க அணச்சீங்க."

"ஒரு வார்னிங்தான் மிச்சம் இருந்துச்சு. அதைச் சரி பண்ணணும்னா ஒரு வாரம் வேணும், எண்ணுறது மறுநாளு. ஒரு வாரத்துக்குன்னு அணைச்சேன். சிஞ்சுகிட்ட உன் ஃபைல் சுத்தமாயிருச்சுன்னு சொன்னேன், பாவம், நம்பிருச்சு. சனிக்கிழமை எடுத்துரலாம்னு எழுதியே வச்சேன்." அவள் குரல் இறங்கியது. "அந்தச் சனி வேற வேலை வந்துச்சு. அடுத்த சனி பூஜ்யத்தப் பாத்தேன், நல்லாத்தான இருக்குன்னு தோணுச்சு. அப்புறம் கண்ணுக்குப் பழகிருச்சு. ஆறு சனி போச்சு சார். காய் எடுப்பு முந்திருச்சுன்னு பெட்டிய ஏத்தி அனுப்பிட்டாரு முதலாளி. மொதப் பெட்டி எந்த ஸ்டோருக்குப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா."

தெரியும். மௌனிகா சுவரைப் பார்த்தாள்.

"இத நாளைக்கு ஜட்ஜுகிட்டச் சொன்னா ஒங்க பாரம் கொறையுமுங்க" என்றார் காளிச்சாமி. "செத்தவரே கேட்டுக்கிட்டாரு. மெமோவுல அவரு ஒப்பு இருக்குது, கேட் புத்தகத்துல அவரு பேரு இருக்குது. எனக்கு ஒரு பக்கம் எழுதினாப் போதும்."

"எழுதாதீங்க."

"எப்சிபா..."

"எழுதுனா அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்பா தனக்காகக் கும்பிட்டாரு, கும்பிட்டதுனால செத்தாருன்னு தெரியும். நான் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ உள்ள இருந்துட்டு வந்துருவேன் சார். அது எங்க போயி வெளிய வரும்?"

காளிச்சாமிக்குச் சட்டம் தெரியும், சாட்சியும் கையில் இருக்கிறது. இவளைக் காப்பாற்றினால் அவள் போகிறாள், அவளைக் காப்பாற்றினால் இவள் போகிறாள். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சிஞ்சுவிடம் சொல்லிவிட்டு மலையிறங்குவது என்று முடிவு செய்து கதவைத் திறந்தார்.

சிஞ்சு படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப் இருந்தது.

"அப்பா போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் சார் இதத் தொறக்கேன்" என்றாள். "நீங்க உள்ள போனதும் தோணுச்சு. யாரு அணைச்சாகன்னு தேடுறத விட, எத அணைச்சாகன்னு பாத்தா ஆளு தெரிஞ்சிரும்லா? அந்த வரிய எடுத்துட்டு ஓட்டி விட்டுருக்கேன். பதினெட்டு நிமிஷம் ஆச்சு."

காளிச்சாமி மௌனிகாவைத் திரும்பிப் பார்த்தார். இருபது நிமிஷம் என்று இவள்தான் சொன்னாள்.

"சிஞ்சு, மழை வருது பாரு, லேப்டாப் நனைஞ்சுரும், மூடி வெச்சர்லாம்" என்று மௌனிகா குனிந்தாள். இவ்வளவு மோசமாக அவள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

"சாரல்தான் அக்கா." சிஞ்சு லேப்டாப்பை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். "செப்டம்பர்ல என் பேருக்கு நேரா பூஜ்யம் போட்டாகள்ல, அத அப்பா ஆபீசுக்கு வந்து போன்ல படம் எடுத்துக்கிட்டுப் போனாக. ஸ்டோர்ல எல்லாருக்கும் காட்டுனாக. அந்த பூஜ்யம் மாதிரியே எல்லாம் சுத்தமா இருந்துச்சு சார். அதுக்குள்ள எவனோ..."

திரை ஓடி நின்றது. அவள் பேச்சும் நின்றது.

காளிச்சாமி திரையைப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவள் முகத்தைத்தான் பார்த்தார், பார்க்காமல் இருந்திருக்கலாம். அவள் விரல் திரையில் ஒரு இடத்தைத் தொட்டது, எடுத்தது, மறுபடி தொட்டது.

"இது என் ஃபைல்லா" என்றாள்.

வாசலில் எப்சிபா வந்து நின்றிருந்தாள். சிஞ்சு மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"சுத்தமாயிருச்சுன்னு சொன்னீகளே அக்கா."

"சொன்னேன்."

"அப்ப நீங்கதான் அணைச்சீகளா? எனக்காகவா? யாரு அக்கா கேட்டா? நான் கேக்கலையே."

காளிச்சாமி மௌனிகாவின் கையிலிருந்த போனைப் பார்த்தார். கோணல் எழுத்தில் அந்தப் பெயர் அதற்குள் இருந்தது. மௌனிகா போனைப் பைக்குள் போட்டு, பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

எப்சிபா படியிறங்கி வந்து சிஞ்சுவின் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தாள்.

"யாரும் கேக்கலம்மா. ஒரு சோம்பல்ல நானாத்தான் செஞ்சேன். நாளைக்கிக் கோர்ட்லயும் அதத்தான் சொல்லப்போறேன். இந்தா, சாரும் கேட்டுட்டுத்தான் நிக்காரு. இல்லையா சார்?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி உண்மை கேட்டாள், ஒருத்தி பொய் கேட்டாள். பொய் எந்த மூலையில் தொடங்கியது என்று அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"ஆமாங்க" என்றார் காளிச்சாமி.